வெளியூர்க்காரருக்கும் ஒரு களம்: தேனூர் ஆற்றங்கரையிலிருந்து லேசர் டேக் அரங்கு வரை

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் விளாங்குடியையும் பரவையையும் கடந்தவுடன் எதிர்ப்படும் சமயநல்லூர், கோட்டையாலோ பெருங்கோயிலாலோ பெயர் பெற்ற ஊரன்று. வழியில் இருப்பதே அதன் வரலாறு. 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை இவ்வூரைத் தொட்டுச் சென்றது. நகருக்குள் நுழையாமல் கப்பலூர் நோக்கி விலகும் நான்குவழிச் சாலை இங்குதான் பழைய சாலையிலிருந்து பிரிகிறது. தேனூர் வழியாகச் சோழவந்தானுக்குச் செல்லும் சாலையும் இங்கிருந்தே கிளம்புகிறது. வெளியூர்க்காரர் கடந்துபோகும் ஊர் என்பதாலேயே, வெளியூர்க்காரர் ஒருவர் தமக்குப் பழக்கமில்லாத இடத்தில் விளையாட்டில் இறங்குவது எப்போது, எந்த வகையில் இயல்பான செயலாயிற்று என்ற கேள்விக்கு விடை தேட இந்த வட்டாரம் பொருத்தமானது. பயணம் போன நகரத்தில் மாலைப் பொழுது மிச்சமிருந்தால் ஏதேனும் ஒரு மாலுக்குள் நுழைந்து, ஒளி உமிழும் துப்பாக்கியையும் விளக்குப் பதித்த மேலங்கியையும் வாங்கி அணிந்துகொண்டு, முன்பின் அறியாதவர்களோடு அணி சேர்ந்து இருட்டறையில் ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுடும் லேசர் டேக் ஆட்டத்தை ஆடிவிட்டு வருவதில் இன்று எவருக்கும் தயக்கமில்லை. ஆனால் அந்தத் தயக்கமின்மை மதுரைச் சமவெளியில் படிப்படியாக உருவானது. அதற்கு முந்தைய களங்கள் வெளியூர்க்காரரை வேறு விதமாக நடத்தின.

மதுரை வட்டாரத்தின் மிகப் பெரிய கூடலான அழகர் ஆற்றில் இறங்கும் விழா, ஒரு காலத்தில் சமயநல்லூரை அடுத்த தேனூரில் வைகைக் கரையில் நடைபெற்றதென்றும், திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) அதை மதுரைக்கு மாற்றி மீனாட்சி திருக்கல்யாணத்தோடு இணைத்தாரென்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. திருக்கல்யாணமும் மாசி மாதத்திலிருந்து சித்திரைக்கு மாற்றப்பட்டதே என்பதற்கு, சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுவதையே சான்றாகக் காட்டுவர். வண்டியூரையொட்டி வைகையில் நிற்கும் மண்டபம், அழகர் மண்டூக மகரிஷிக்குச் சாபம் தீர்க்கும் இடம், இன்றளவும் தேனூர் மண்டபம் என்றே அழைக்கப்படுகிறது. விழா நகர்ந்த பின்னும் பழைய ஊரின் பெயர் அதோடு கூடவே வந்துவிட்டது. ஊர்களின் பொழுதுபோக்கையும் பக்தியையும் வணிகத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதன் அரசியல் ஆதாயம் நாயக்கர் அரசுக்குத் தெரியாததன்று. இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி, ஆட்டமும் கூட்டமும் கூடும் களத்தை அது வளர்ந்த இடத்திலிருந்து பெயர்த்து, போக்குவரத்துக்கு வாய்ப்பான வேறோர் இடத்தில் நிறுத்தும் வழக்கம் இப்பகுதிக்குப் புதிதன்று என்பதே.

அந்த விழாவுக்குள்ளேயே குறிபார்த்து அடிக்கும் செயல் ஒன்று உண்டு. அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள், கருப்பண்ணசாமி வேடத்தில், ஆட்டுத்தோலால் தைத்த தோப்பறை எனப்படும் நீர்ப்பையைத் தோளில் மாட்டி, அதன் வாயில் பொருத்திய சிறு குழாய் வழியாக அழகர் மீதும் கூட்டத்தின் மீதும் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பர். தோல் பையைக் கையால் அழுத்தும்போது எழும் தாரை மெலிதாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். சித்திரை வெயிலில் அது மேலே படுவதைப் பேறாகக் கருதுவோரே மிகுதி. இந்தச் செயலில் உள்ளூர், வெளியூர் என்ற வேறுபாடு கிடையாது. விரதம் இருந்தவர் எவரும் பை எடுக்கலாம் என்பதால், நுழைவுரிமையைத் தந்தது ஊரன்று, விரதமே. அண்மைக் காலத்தில் சிலர் தோல் பையை விட்டு அழுத்த விசைக்குழாய்களைக் கொண்டுவந்து, வேதிப்பொருள் கலந்த நீரையும் பீய்ச்சத் தொடங்கியதால், பழைய முறையே போதும் என்று நிர்வாகமும் நீதிமன்றமும் வலியுறுத்த வேண்டியதாயிற்று. கருவியின் வேகம் கூடும்போது ஆட்டத்தின் இயல்பே மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று தேவையில்லை.

விரதத்தால் அன்றி ஊரால் ஆளப்பட்ட களங்களில் நிலைமை வேறு. தை மாதத்தின் முதல் மூன்று நாட்களில் முறையே அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய இடங்களில் நடைபெறும் ஜல்லிக்கட்டில் வெளியூர்க் காளைகளும் வெளியூர் மாடுபிடி வீரர்களும் கலந்துகொள்வது வழக்கமே. எனினும் வாடிவாசலிலிருந்து முதலில் வெளியேறுவது ஊர்க் கோயில் காளை. அதை எவரும் அணைவதில்லை. அடுத்தடுத்து அவிழ்க்கப்படும் ஒவ்வொரு காளையும் இன்ன ஊர், இன்னார் மாடு என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டே வெளிவருகிறது. சடுகுடு போட்டிகளிலும் அணிகள் ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டன. ஆக, வெளியூர்க்காரர் ஆடத் தடையில்லை. ஆனால் அவர் தம் ஊரைச் சுமந்துகொண்டுதான் களமிறங்க வேண்டும். வென்றால் அந்த ஊருக்குப் பெருமை, தோற்றால் அந்த ஊருக்குத் தலைகுனிவு, தகராறு வந்தால் இரண்டு ஊர்களுக்கிடையே தகராறு. பெயரும் ஊரும் இல்லாத ஒரு வழிப்போக்கர், பொழுது போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இக்களங்களில் இறங்கியிருக்க இயலாது. 2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம், இந்த ஆட்டத்தையும் ஊர்த் தெருவிலிருந்து பெயர்த்துப் பார்வையாளர் மாடம் கட்டிய களத்தில் நிறுத்தியிருக்கிறது. தேனூருக்கு நேர்ந்ததன் இன்னொரு வடிவமாக இதைக் கொள்ளலாம்.

ஊரையும் விரதத்தையும் கேட்காமல், காசை மட்டும் கேட்ட முதல் ஆட்டக்களங்கள் திருவிழாக் கடைகளில் தோன்றின. மதுரையில் இவற்றின் பெரிய தங்குமிடம் தமுக்கம் மைதானம். ராணி மங்கம்மாளின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனை, யானைச் சண்டை முதலிய வீர விளையாட்டுகளை நாயக்க அரச குடும்பத்தினர் மேலிருந்து பார்ப்பதற்குப் பயன்பட்டதென்பர். அக்கட்டடத்தில் 1959 ஏப்ரல் 15 அன்று நேருவால் காந்தி நினைவு அருங்காட்சியகம் திறந்துவைக்கப்பட்டது. அரண்மனையை ஒட்டிய மைதானமோ, சித்திரைத் திருவிழாக் காலத்தில் அரசு நடத்தும் பொருட்காட்சியின் இடமாயிற்று. அரசுத் துறைகளின் அரங்குகளைப் பார்ப்பதற்காகவே அங்கு வந்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டம் நின்றது ராட்டினத்தடியிலும், மரணக் கிணற்றைச் சுற்றியும், டெல்லி அப்பளக் கடையிலுந்தான் என்பதை மதுரைக்காரர் எவரும் மறுக்கமாட்டார்.

அக்கடைகளின் நடுவே இருந்த பலூன் சுடும் கடையே லேசர் டேக் அரங்குக்கு இந்த மண்ணில் உள்ள நேரடி முன்னோடி எனலாம். சட்டமிட்ட பலகையிலோ துணித் திரையிலோ வரிசையாகக் கட்டப்பட்ட சிறு பலூன்கள். நான்கைந்து அடி தள்ளி ஒரு மேசை. அதன் மேல் குழலை மடித்துச் சுருள்வில்லை இறுக்கி, இடை சிறுத்த ஈயக் குண்டு ஒன்றை இட்டு நிமிர்த்த வேண்டிய காற்றுத் துப்பாக்கி. மடிக்கும் வேலையைப் பெரும்பாலும் கடைக்காரரே செய்து கொடுப்பார்; சிறுவர்களின் கைக்கு அந்த வில் அடங்காது. குறி தப்பியவர் குழல் வளைந்திருக்கிறது என்பார், கடைக்காரர் அதே துப்பாக்கியால் ஒரு பலூனை உடைத்துக் காட்டுவார், வழக்கு அத்தோடு முடியும். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று வகுத்திருப்பதால், சட்டத்தின் பார்வையிலும் இது விளையாட்டுக் கருவியாகவே நிற்கிறது. இக்கடையில் சுட்டவர் எந்த ஊர் என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் அவர் சுட்டது பலூனை. இன்னொரு மனிதரை அன்று. எதிராளி இல்லாததால் தோல்வியில் மானக்கேடும் இல்லை, வெற்றியில் பகையும் இல்லை. வெளியூர்க்காரரை ஆட்டக்காரராக்கிய காசு, அதற்கு ஈடாக அவரைத் தனியாளாக்கியது.

காசு கொடுத்து இருட்டறைக்குள் அந்நியர்களோடு அமரும் பழக்கத்தைத் தந்தது திரையரங்கு. 1952இல் பராசக்தி படத்தோடு மதுரையில் தொடங்கப்பட்ட தங்கம் திரையரங்கில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன என்பது, இந்நகரம் இருட்டரங்குக்கு எவ்வளவு விரைவாகப் பழகியது என்பதைக் காட்டும். அரசும் இதைக் கவனித்தே இருந்தது: 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் கேளிக்கை வரிச் சட்டத்தை இயற்றிவிட்டது. வரலாற்றாசிரியருக்கு வரிச்சட்டங்கள் நல்ல சாட்சிகள். எந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிவிட்டது என்பதை அவை கவிஞர்களுக்கு முன்பே அறிந்துவிடுகின்றன. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்துக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும் அந்த வகைச் சாட்சியமே.

பொருட்காட்சி ஆண்டுக்கொருமுறை வந்து போவது. அதை ஆண்டு முழுதும் நிற்கவைக்கும் எண்ணம் தமிழ்நாட்டில் முதலில் சென்னையின் தெற்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி. பன்னீர்தாஸ் நிறுவிய வி.ஜி.பி. கோல்டன் பீச்சில் உருப்பெற்றது. 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான மை டியர் குட்டிச்சாத்தானைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், 1995இல் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தாவைத் திறந்தார். வேடிக்கை காட்டுவதில் கைதேர்ந்த திரைத்துறையினரே வேடிக்கையில் மக்களை இறக்கிவிடுவதற்கும் முதலிட்டது தற்செயலன்று. ராட்சத ராட்டினத்தில் ஏறி அலறுபவரும், கண்ணாடி அணிந்து திரையிலிருந்து நீளும் கையைக் கண்டு பின்வாங்குபவரும் ஏறத்தாழ ஒரே பொருளைத்தான் விலைக்கு வாங்குகின்றனர். இந்த அலையில் மதுரைக்குக் கிடைத்ததே, சமயநல்லூருக்கு முந்தைய ஊரான பரவையில் திண்டுக்கல் சாலையோரம் எழுந்த அதிசயம் பூங்கா. நாயக்கர் காலத்தில் தேனூரை விட்டுக் கிழக்கே மதுரைக்குப் போன கூட்டம், மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் அதே வழியில் மேற்கே திரும்பி வந்தது. இம்முறை அதை அழைத்தது தெய்வமன்று, நெடுஞ்சாலை. நகர நெரிசலுக்கு வெளியே மலிவாகக் கிடைத்த பரந்த நிலம், பேருந்துகள் நிற்க இடம், கொடைக்கானலுக்குப் போகும் வழி ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் சாலை அதுவே என்பதால், இடத்தேர்வில் வியப்பில்லை. பூங்காவின் வாயிலில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளோடு வந்திறங்கியவர்களில் எவர் எந்த மாவட்டம் என்பது நுழைவுச்சீட்டில் எழுதப்படுவதில்லை. எனினும் இங்கும் ஆட்டக்காரருக்கு எதிராளி இல்லை, இயந்திரமே எதிராளி.

அந்நியரை அந்நியருக்கு எதிராக நிறுத்தும் கலை போர்ப்பயிற்சியிலிருந்து வந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தரைப்படைக்காக ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒளி மின்னணுப் பிரிவு உருவாக்கிய மைல்ஸ் என்ற பயிற்சிக் கருவி, வெற்றுத் தோட்டா வெடிக்கும்போதெல்லாம் துப்பாக்கியிலிருந்து தீங்கற்ற லேசர்க் கதிரை அனுப்பியது. எதிர்ப்படையினரின் உடையில் பதிந்த உணரிகள், அதாவது குறிப்பிட்ட ஒளி பட்டவுடன் மின்குறிப்பாக மாற்றும் சிறு கண்கள், அதை ஏற்று ஒலியெழுப்பின. பயிற்சிப் போரில் யார் செத்தார் என்ற ஓயாத வாக்குவாதத்தை முடித்துவைப்பதே அக்கருவியின் நோக்கம். இதற்கிணையாக, 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தால் தூண்டப்பட்ட ஜார்ஜ் கார்ட்டர், 1984 மார்ச் 28 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் போட்டான் என்ற பெயரில் முதல் வணிக அரங்கைத் திறந்தார். தலைக்கவசமும் மார்புக் கருவியும் அணிந்து, படிகளும் பாலங்களும் நிறைந்த கட்டடத்துக்குள் இரண்டு அணிகள் மோதிய அந்த ஆட்டம் சில ஆண்டுகளிலேயே பல நகரங்களுக்குப் பரவி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நொடித்தும் போயிற்று.

1986இல் வேர்ல்ட்ஸ் ஆஃப் ஒண்டர் என்ற பொம்மை நிறுவனம் இதே ஆட்டத்தை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுசென்றபோது, அதன் ஆபத்து வெளிப்பட்டது. 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ரேஞ்சோ குக்கமங்காவில் இரவில் இந்தப் பொம்மையோடு ஆடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர், உண்மையான ஆயுதம் வைத்திருப்பதாகக் கருதிய காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். திறந்த வெளியில் துப்பாக்கி வடிவம் ஆட்டமாகவும் அச்சுறுத்தலாகவும் ஒரே நேரத்தில் படிக்கப்படும் என்பதை உணர்த்திய நிகழ்வு இது; நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட அரங்கே இவ்வாட்டத்துக்கு உரிய இடம் என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்திருக்க வேண்டும். அதன்பின் ஆஸ்திரேலியாவிலும், அங்கிருந்து சென்ற குவாசர் என்ற லேசர் டேக் கருவிகளால் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அரங்குகள் பெருகி, பந்துருட்டுக் கூடங்களோடும் காசு போட்டு ஆடும் இயந்திரக் கூடங்களோடும் ஒட்டிக்கொண்டு, அந்த வடிவத்திலேயே இந்தியப் பெருநகர மால்களுக்கும் வந்து சேர்ந்தன.

பெயரில் லேசர் இருந்தாலும் பெரும்பாலான அரங்குகளில் சுடும் வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரே. தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட்டில் உள்ளதும் அதே கதிர்தான். விசையை அழுத்தியவுடன் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும் அக்கதிரில் சுட்டவரின் எண்ணும் அணியும் குறியீடாக ஏற்றப்பட்டுச் செல்கின்றன. எதிராளியின் மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களில் உள்ள உணரிகள் அதைப் படித்து, மேலங்கியின் விளக்கை அணைத்து, சில நொடிகளுக்கு அவரது துப்பாக்கியைச் செயலற்றதாக்குகின்றன. பச்சையாகவோ சிவப்பாகவோ பாயும் ஒளிக்கீற்று, செயற்கைப் புகையில் தெரிவதற்காகவே சேர்க்கப்பட்ட அலங்காரம். அகச்சிவப்புக் கதிர் சற்றே விரிந்து பரவுவதாலும் சுவரில் பட்டுத் திரும்புவதாலும், குறி கொஞ்சம் தவறினாலும் அடி விழும் வாய்ப்பு உண்டு. பலூன் கடையில் தோற்றவர் லேசர் அரங்கில் வெல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முதன்முறை வருபவரை மகிழ்வித்து அனுப்ப வேண்டிய தொழிலுக்கு இந்தத் தாராளம் தேவைப்படுகிறது.

பழக்கமில்லாத அரங்குக்குள் நுழையும் பயணியை நடத்தும் முறையும் ஏறத்தாழ எங்கும் ஒன்றுபோலவே அமைந்துவிட்டது. முதலில் ஒரு சிறு அறையில் விதிகள் சொல்லப்படும்: ஓடக்கூடாது, தொடக்கூடாது, உணரியைக் கையால் மறைக்கக்கூடாது. பிறகு மேலங்கி, அதன் விளக்கின் நிறமே அணி. பெயர் கேட்கப்பட்டால், வேண்டிய புனைபெயரைத் தரலாம். ஊரை எவரும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து நிமிட ஆட்டத்துக்குப் பின் வெளியே தொங்கும் திரையில் யார் யாரை எத்தனை முறை சுட்டார் என்ற பட்டியல் வரும். கிளித்தட்டிலும் கள்ளன் போலீஸிலும் ஆட்டத்தின் பாதி நேரத்தைத் தின்ற, தொட்டாயா இல்லையா என்ற சச்சரவுக்கும், தோற்பவர் மேல் சுமத்தப்படும் அழுகுணி ஆட்டம் என்ற பழிக்கும் இங்கு இடமில்லை. அச்சச்சரவு வெறும் தொல்லை என்று கொள்வது பிழை. ஒருவரையொருவர் அறிந்த பிள்ளைகள் நடுவர் இல்லாமல் நியாயம் பேசப் பழகியது அதில்தான். அறியாதவர்களுக்கிடையே அந்தப் பேச்சு பகையாகிவிடும் என்பதால், பேச்சையே நீக்கி, தீர்ப்பைக் கருவியிடம் ஒப்படைத்த பிறகே அந்நியரோடு மோதும் ஆட்டம் வணிகப் பொருளாயிற்று.

இருட்டும் புகையும் வளைந்த வழிகளும் சேர்ந்த இக்கூடங்களுக்கு வேறொரு பக்கமும் உண்டு. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட் நகரில் விளையாட்டுக் கூடம் ஒன்றில் மூண்ட தீயில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அக்கூடம் இயங்கியது. வழி தெரியாமல் திகைப்பதே சுவையாக விற்கப்படும் இடத்தில், வெளியேறும் வழி மட்டும் எவருக்கும் தெரிந்தாக வேண்டும் என்ற முரண், முதன்முறை வரும் வெளியூர்க்காரரை உள்ளூர்க்காரரைவிடக் கூடுதலாகப் பாதிக்கும்.

உள்ளூர்க்காரரின் சலுகை அதோடு நிற்கவில்லை. எந்தத் தூணின் பின்னால் நின்றால் இரண்டு வழிகளையும் காக்கலாம், எந்த மேடையிலிருந்து எதிரணியின் தளம் தெரியும், செயலிழந்த துப்பாக்கி எத்தனை நொடியில் உயிர்பெறும் என்பன, அந்த அரங்கில் மீண்டும் மீண்டும் ஆடியவருக்கே கைவந்த அறிவு. பயணி எவ்வளவு நன்றாகக் குறி பார்ப்பவராயினும் முதல் ஆட்டத்தில் இவர்களிடம் அடிவாங்குவது வழக்கம். கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் வெவ்வேறாக இருப்பதால், ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றின் எடைக்கும் கதிர்விரிவுக்கும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது; வெளிநாடுகளில் இதைத் தீவிரமாக ஆடும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே வகைக் கருவியில் பழகிய அணிகளுக்கிடையே போட்டி வைத்துக்கொள்வதும், அவ்வணிகள் தத்தம் அரங்கின் பெயரையும் நகரின் பெயரையும் தாங்கி வருவதும் இதனால்தான். ஊரைக் கேட்காமல் சீட்டு விற்ற ஆட்டம், வேரூன்றிய இடங்களில், இன்ன ஊர் இன்ன அணி என்று ஒலிபெருக்கியில் சொல்லும் நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.